விண்வெளியும் நம் வீட்டுக் கட்டிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்வெளி வீராங்கனை சுனிதா வில்லியம்ஸ் 286 நாட்களின் பின் 2025 மார்ச்சில் பூமி திரும்பியதைப் பெரிதாக வெளியிட்ட நம் பத்திரிகைகள், எடையின்மை உடலை என்ன செய்கிறது என்பதைச் சில வரிகளிலேயே முடித்துவிட்டமை எனக்குக் குறையாகப் படுகிறது. விண்வெளியில் இடுப்பு எலும்பு போன்றவை மாதத்துக்கு ஏறத்தாழ 1 சதவீத அடர்த்தியை இழக்கின்றன. விண்வெளி வீரர்கள் நாளுக்கு இரண்டு மணி நேரமளவு உடற்பயிற்சி செய்வதும் அதனால்தான்.

2020 இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை இன்னும் வியப்பானது. விண்வெளி நிலையத்திலிருந்த ஒருவரின் கழுத்து நாளத்தில் இரத்தம் உறைந்திருந்ததை ஸ்கேன் காட்டியபோது, பூமியிலுள்ள வைத்தியர்களின் வழிகாட்டலில், 90 நாட்களுக்கு மேல் அங்கேயே சிகிச்சை நடந்தது. (வெருகலிலிருந்து திருகோணமலை நகருக்கு நோயாளியைக் கொண்டுவரப் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இது வெறும் விண்வெளிச் செய்தி அன்று.)

எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கையிலிருந்த என் தாயார், எழுந்தபோது படலைவரை நடக்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. நீண்ட படுக்கையும் எலும்பையும் தசையையும் அவ்வாறே கரைப்பதால், எடையின்மையின் விளைவுகளை ஆராய்வோர் தன்னார்வலர்களை வாரக்கணக்கில் படுக்கவைத்தே சோதிக்கிறார்கள். இத்தகைய தொடர்புகளை நம் வைத்தியர்களைக் கொண்டே எளிய தமிழில் வாரம் ஒரு பத்தியாக எழுதுவிக்குமாறு வேண்டுகிறேன்.

வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.