டஃபரினுக்குப் போகாத நாம்

பாம்பன்
ஆவணி 10

அன்புள்ள காதர்,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை, படகுகள் பாதி நாள் கரையில்தான் கிடக்கின்றன.

ஒரு நல்ல சேதி. எங்கள் தெரு அந்தோணி அண்ணனின் பேரனுக்கு நவி மும்பையில், சாணக்யாவில், இடம் கிடைத்துவிட்டது. கப்பல் அதிகாரிக்கான மூன்று வருஷப் படிப்பு. கேட்டதும் எனக்கு 1970-தான் ஞாபகம் வந்தது. பேப்பரில் டஃபரின் பயிற்சிக் கப்பலின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நாம் இருவரும் குதித்தோமே! தனுஷ்கோடிப் புயலைப் பார்த்த என் அம்மா மனுவைக் கிழித்து அடுப்பில் போட்டாள். நீ போனாய், சிவப்புக்கும் பச்சைக்கும் தடுமாறி, கண் பரிசோதனையோடு திரும்பி வந்தாய்.

அந்த டஃபரின் கதையைப் பையனுக்குச் சொன்னேன். 1904-இல் பட்டாளத்தை ஏற்றிச் செல்லக் கட்டிய கப்பல். வயதானதும் மும்பை மஸகானில் நிறுத்தி, 1927-இல் அதையே பள்ளிக்கூடமாக்கினார்கள். அதுவரை நம் ஆட்கள் கப்பலில் லஸ்கராக, அதாவது கூலி மாலுமியாக, நிலக்கரி அள்ளலாம், தளம் கழுவலாம். கட்டளை கொடுக்கும் மேல்தளம் வெள்ளைக்காரருக்கு. வ.உ.சி. 1906-இல் சொந்தக் கம்பெனியே தொடங்கிவிட்டார், ஆனால் கப்பல் வாங்கினால் போதுமா, ஓட்டும் அதிகாரியும் நம்மவனாக வேண்டாமா? 1922-இல் மத்திய சட்டசபையில் இந்தப் பேச்சை எடுத்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்து சர் பி.எஸ். சிவசாமி ஐயர். அதன் பிறகு ஒரு கமிட்டி, அப்புறம்தான் டஃபரின்.

முதல் அணியில் ஏறிய பையன்களில் ஒருவர் செங்கல்பட்டில் பிறந்த ராம் தாஸ் கட்டாரி. 1958-இல் கடற்படைக்கே தளபதியானார், அந்தப் பதவியில் முதல் இந்தியர். வணிகக் கப்பலுக்கென்று தொடங்கிய பள்ளி கடற்படைக்கும் தலைவனைக் கொடுத்தது. இதைச் சொன்னதும் பையன் போனைக் கீழே வைத்துவிட்டான், அதுவே பெரிய விஷயம்.

1972-இல் டஃபரின் போய் ராஜேந்திரா என்ற கப்பல் வந்தது. பேரைக் கேட்டால் நமக்கு யார் ஞாபகம் வருவார், சொல்! 1993-இல் அதுவும் போய், நேருளில் கரையிலேயே சாணக்யா. மிதக்காத கப்பல் பள்ளி எனக்கென்னவோ ஒட்டவில்லை. சரி, கிழவன் பேச்சு.

நேற்று ஒன்று பார்த்தேன். பையன் திண்ணையில் உட்கார்ந்து, போனில் படம் பார்த்து பௌலைன் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். மூன்று தடவை அவிழ்ந்துவிட்டது. அந்தோணி அண்ணன் வலை பொத்துவதை நிறுத்தாமல், கயிற்றை ஒரு கையால் இழுத்தார், விரலில் ஒரு சுற்று, ஒரு சொருகு, அவ்வளவுதான். இழுக்க இழுக்க இறுகவும் இல்லை, நழுவவும் இல்லை. "இதுக்கு இங்கிலீசுல ஒரு பேரா?" என்று கேட்டுவிட்டு மறுபடி வலைக்குத் திரும்பிவிட்டார். அவர் பள்ளிக்கூட வாசலைப் பார்த்ததில்லை. டஃபரின் பரீட்சைக்கு இங்கிலீசும் கணக்கும் வேண்டியிருந்தது. நம் கரையில் கயிறு தெரிந்தவனிடம் அவை இல்லை.

வெள்ளிக்கிழமை ரயில். அவன் அம்மா நெத்திலிக் கருவாட்டை நாலு உறை போட்டுக் கட்டியும் வாடை போகவில்லை.

மும்பையில் இப்போது எந்தக் காற்று என்று அந்தோணி அண்ணன் கேட்கச் சொன்னார். நீ பத்து வருஷம் அங்கே இருந்தவன்தானே, எழுது.

அன்புடன்,
செல்வம்