பல்லோடு பிறந்த பிள்ளையும் தாய்மாமனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்லோடு பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்று எங்கள் கடற்கரைப் பக்கம் இன்றைக்கும் சொல்கிறார்கள். தங்கச்சிமடத்தில் என் தங்கச்சி மகள் அப்படித்தான் பிறந்தாள், கீழ் ஈறின் நடுவில் ஒரு பல்லோடு. அந்தத் தாய்மாமன் நான்தான். விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன்.

61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் படகுகள் புறப்படும் நேரம் அது. மாமன் கடலுக்குப் போவதற்குள் பல்லை எடுத்துவிட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் நெருக்கினார்கள். நூலைக் கட்டிச் சுண்டினால் வந்துவிடும் என்றார் ஒருவர். என் மேல் உள்ள பாசத்தில் சொன்னதுதான். ஆனால் பெற்றவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ குற்றம் செய்தவள் மாதிரி குனிந்தே உட்கார்ந்திருந்தாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. பல் மருத்துவரிடம் கூட்டிப்போனோம்.

அவர் சொன்னதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிறந்த குழந்தையின் உடம்பில் வைட்டமின் கே மிகக் குறைவு. அது இல்லாமல் இரத்தம் சரியாக உறையாது. பிறந்ததும் தொடையில் ஊசி போடுவது அதற்குத்தான். வீட்டில் பல்லைப் பிடுங்கினால் இரத்தம் நிற்காமலே போகலாம். மருத்துவர்களே கூட, அவசரமில்லை என்றால் பத்து நாளாவது பொறுத்துத்தான் எடுப்பார்கள். அப்புறம், அது பெரும்பாலும் கூடுதல் பல்லும் இல்லை. ஆறாம் மாதவாக்கில் வர வேண்டிய பால்பல், ஈறில் மேலாக அமைந்துவிட்டதால் முந்திக்கொண்டு வருகிறது. பிடுங்கிவிட்டால் ஆறேழு வயதில் நிலையான பல் முளைக்கும்வரை அந்த இடம் பொக்கைதான். சுமார் 2000, 3000 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறதாம்.

பல் நன்றாக ஆடினால் கழன்று மூச்சுக்குழாயில் போய்விடும் அபாயம் உண்டு. அப்போது எடுத்தே ஆக வேண்டும், ஆனால் மருத்துவர் கையால். எங்கள் பிள்ளைக்குப் பல் உறுதியாக இருந்தது. பால் குடிக்கும்போது உரசி நாக்குக்கு அடியில் புண் வந்திருந்ததால், கூரான முனையை மட்டும் தேய்த்து மழுங்கவைத்தார். புண் ஆறியது, பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறாள்.

இன்னொன்று. ஈறிலோ மேலண்ணத்திலோ அரிசிக் குருணை போல வெள்ளையாகச் சில குழந்தைகளுக்கு இருக்கும். அது பல்லே இல்லை, சில வாரங்களில் தானாக மறைந்துவிடும். ஊசியால் குத்தவோ துணியால் தேய்க்கவோ கூடாது. ஆனால் நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் மாவு பூத்த மாதிரி படிந்து, துடைத்தாலும் போகாமல் இருந்தால் அது பூஞ்சைத் தொற்று. மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாய்க்கும் சேர்த்தே மருந்து தேவைப்படலாம்.

பாம்பனிலும் மண்டபத்திலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் உள்ள தாய்மாமன்களைக் கேட்டுக்கொள்கிறேன். பயம் நம் பெயரில்தான் கிளம்புகிறது, அதனால் முதலில் நாம்தான் பேச வேண்டும். "எனக்கு ஒன்றும் ஆகாது, பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று மாமன் வாயால் சொன்னால் அந்த வீட்டில் வேறு யாரும் பேச மாட்டார்கள். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. கிராம சுகாதார செவிலியர்களும் பேறுகாலத்துக்கு முன்பே இதைக் கர்ப்பிணிகளிடம் சொல்லிவைத்தால் நல்லது. உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு முறை படத்தோடு வெளியிடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.