‘ஊட்டிக் கிழங்கு’ விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கு,

வணக்கம். விலையைக் குறைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ‘ஊட்டி’ என்று அட்டை குத்தி வைத்திருக்கும் அந்த உருளைக்கிழங்குக் கூடையைப் பற்றித்தான் பேச்சு.

போன வாரம் அதில் வாங்கிய கிழங்கைக் குழாயடியில் காட்டினேன். செம்மண் ஒரே அலசலில் ஓடிவிட்டது; அடியில் வழுவழுவென்று வெளுத்த தோல். நிலத்து மண் என்றால் கண்குழிகளில் இறுகிக் கிடக்கும், நகத்தால் நோண்ட வேண்டும். இது பூசிய மண்; ஆக்ராவிலிருந்து வந்த கிழங்குக்கு ஊட்டி வேஷம். எடையில் அந்த மண்ணுக்கும் காசு கொடுத்தேன், அது தனிக்கதை.

ஆக்ரா கிழங்கு மட்டம் என்று சொல்லவில்லை. அங்கே பிப்ரவரி, மார்ச்சில் தோண்டி, மாதக்கணக்கில் விற்பதற்காகக் குளிர்பதனக் கிடங்கில் 2 முதல் 4 டிகிரியில் வைக்கிறார்கள். அந்தக் குளிரில் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாகும். போண்டா, பூரி மசால், குருமாவுக்கு அதனால் பெரிய குறை இல்லை. வறுவல் போட்டால்தான் வண்டவாளம் தெரியும்: உள்ளே வேகுமுன் வெளியே கருத்து, நாக்கில் இனிப்புத் தட்டும். சிப்ஸ் போடுகிறவர்கள் தங்கள் கிழங்கை 10, 12 டிகிரியில் வைப்பது இதனால்தான். கிடங்குச் சரக்கு என்று முன்பே சொன்னால், இரண்டு வாரம் வெளியே போட்டுவைத்து வறுப்போம். சர்க்கரை ஓரளவு இறங்கிவிடும்.

நீலகிரியில் வருடத்துக்கு 3 போகம். அதனால் கிழங்கு கிடங்கைப் பார்க்காமலே மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிவிடுகிறது. நாங்கள் கூடுதல் காசு கொடுப்பது அதற்குத்தான். அங்கே விளைவிப்பதும் லேசில்லை. 1961இல் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. உருளையின் வேரைத் தாக்கி, மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும் புழு. ஒரே நிலத்தில் திரும்பத் திரும்ப உருளை போட முடியாது, நடுவில் கேரட்டோ முட்டைக்கோஸோ போட்டாக வேண்டும். விதைக்கிழங்கை வெளியே அனுப்பவும் தடை வந்தது. இவ்வளவையும் தாங்கி விளைவிக்கிறவரின் ஊர்ப் பெயரை ஒரு கைப்பிடி செம்மண்ணில் எடுத்துக்கொள்வது என்ன நியாயம்?

சரி, கேட்பது இதுதான். ஆக்ராவோ கோலாரோ ஊட்டியோ, வந்த ஊரை உள்ளபடி எழுதுங்கள். கிடங்குச் சரக்கு என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம், கிழங்கை டியூப்லைட்டுக்கு நேர்கீழே குவிக்காதீர்கள். வெளிச்சம் பட்டுப் பச்சையேறினால் சோலனைன் என்ற நச்சும் கூடும். வேகவைத்தாலும் அது போகாது. ஒரு சாக்கை மேலே போட்டு மூடினால் போதும். பச்சையானதை நாங்கள் ஒதுக்கும்போது, “பொறுக்காதீங்க” என்று விரட்டாமலும் இருங்கள்.

இப்படிக்கு,
அடுத்த வாரமும் உங்களிடமே வாங்கப்போகும் ஒரு வாடிக்கையாளர்