எல்லைப் பக்கத்தில் எங்கள் பள்ளிகளுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, பெருமாட்டி ஊராட்சிகளில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் காலையில் வந்து விழுவது தங்கள் நாளிதழின் கோவைப் பதிப்புதான். தேங்காய் விலை, பொள்ளாச்சிச் சந்தை நிலவரம், ஆழியாறு அணையின் நீர்மட்டம் ஆகிய அனைத்தும் அந்தப் பக்கத்து விவசாயிக்கு உதவுவதைப் போலவே எங்களுக்கும் உதவுகின்றன. உதவாத பகுதி ஒன்று உண்டென்றால் அது பள்ளிச் செய்தி. சில வேளைகளில் அது எங்கள் பிள்ளைகளுக்குக் கேடாகவும் முடிகிறது என்பதை, இந்த வட்டாரத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இங்குள்ள தமிழ்வழிப் பிள்ளைகள் படிப்பது கேரள அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும். பாடநூல் தமிழில் இருந்தாலும் பாடத்திட்டம், தேர்வு, விடுமுறை, சேர்க்கை எல்லாம் கேரளக் கல்வித் துறையின் கணக்கில் நடப்பவை. பெற்றோர் வாசிப்பதோ தமிழ்நாட்டுக் கல்வித் துறையின் அறிவிப்புகளை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒன்றே போதும். வெயில் தணியவில்லை என்று தமிழ்நாட்டில் பள்ளித் திறப்பு இரண்டு முறை தள்ளிவைக்கப்பட்டு, 6 முதல் 12 வரையிலான வகுப்புகள் ஜூன் 12 அன்றும், 1 முதல் 5 வரையிலான வகுப்புகள் ஜூன் 14 அன்றும் தொடங்கின. கேரளத்தில் ஜூன் 1 அன்றே தோரணம் கட்டி, இனிப்புக் கொடுத்து, பிரவேசனோற்சவம் என்னும் பள்ளி நுழைவு விழா நடத்திப் பள்ளிகளைத் திறந்துவிட்டார்கள். மறு ஆண்டும் இதே கதைதான்: இங்கே ஜூன் 3, அங்கே ஜூன் 10.

சில நாள் தாமதமாகப் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று வெளியூர் வாசகர்கள் எண்ணக்கூடும். கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் எடுக்கப்படும் மாணவர் கணக்கை வைத்தே அந்த ஆண்டுக்கான ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. கோடை விடுமுறைக்கு உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் பாட்டி வீட்டுக்குப் போன பிள்ளைகளை, ‘பள்ளித் திறப்பு ஒத்திவைப்பு’ என்ற தலைப்பைப் பார்த்த பெற்றோர் நிம்மதியாக அங்கேயே விட்டுவைக்கிறார்கள். வேறு பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிவந்து சேர்க்க வேண்டியவர்களும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். 2023இல் தமிழ்நாட்டுப் பள்ளிகள் திறப்பதற்கு முன்பே இங்கே அந்த ஆறாவது நாள் வந்து போய்விட்டது. பெரிய பள்ளிகளுக்கு இது ஒரு பொருட்டன்று. ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் விரல்விட்டு எண்ணத்தக்க பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடக்கும் தமிழ்வழி டிவிஷன்களில் (வகுப்புப் பிரிவுகளில்) ஓரிரு பெயர் குறைந்தாலும் ஒரு பணியிடம் போய்விடக்கூடும். அப்படிப் போனதைத் திரும்பப் பெற எத்தனை மனுக்கள், எத்தனை முறை உபமாவட்டக் கல்வி அலுவலகப் படிக்கட்டு என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

மழை விடுமுறை இதைவிடச் சிறிய விஷயம்தான், இருந்தாலும் ஆண்டுதோறும் நடக்கிறது. கோவை ஆட்சியர் அறிவித்த விடுமுறையைத் தலைப்பில் பார்த்துவிட்டு வேலந்தாவளத்தில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. எங்களுக்கு விடுமுறை விட வேண்டியவர் பாலக்காடு ஆட்சியர். எருத்தேம்பதியில் மண் நனையாத நாளிலும் மாவட்டத்தின் மேற்கே கொட்டும் மழையை முன்னிட்டு எங்கள் பள்ளிகளும் மூடியிருப்பதுண்டு. பொங்கலுக்குத் தமிழர் மிகுந்த ஆறு மாவட்டங்களில், பாலக்காடும் அவற்றுள் ஒன்று, கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடுகிறது. எங்கள் வீட்டுப் பண்டிகைக்கான அந்தச் செய்தியைக்கூட மலையாளப் பத்திரிகை வாங்கும் அண்டை வீட்டாரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம்.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு பத்தாம் வகுப்புக்குப் பிறகு நேர்கிறது. தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை பெரும்பாலும் அந்தந்தப் பள்ளியிலேயே முடிந்துவிடும். கேரளத்தில் ப்ளஸ் ஒன் சேர்க்கை ஒற்றைச் சாளர முறையில், இணையவழி விண்ணப்பம், சோதனை அலாட்மென்ட் (இட ஒதுக்கீடு), முதல் அலாட்மென்ட் என்று படிப்படியாக நடக்கிறது. இடம் கிடைத்தவர் குறித்த தேதிக்குள் அந்தப் பள்ளியில் போய்ச் சேராவிட்டால், பின்னால் வரும் அலாட்மென்ட்களிலும் அவர் பெயர் இராது. எங்கள் தெருவில் தேங்காய் உரிக்கும் வேலை செய்யும் ஒருவரின் மகள் எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல கிரேடு வாங்கினாள். விண்ணப்பம் போட்டது கணினி மையத்தில். அதில் கொடுத்திருந்தது மையத்துக்காரரின் கைபேசி எண். அலாட்மென்ட் வந்த விவரம் இவர்களுக்கு எட்டியபோது சேரவேண்டிய நாள் கடந்துவிட்டது. மூன்றாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்த விண்ணப்ப நகலை விரித்து, “வாத்தியாரே, இதுல எங்க தேதி போட்டிருக்கு?” என்று அவர் என்னிடம் கேட்டார். அந்தத் தாளில் தேதி இல்லை. அது பத்திரிகையில் வரும் செய்தி. அவர் தினமும் டீக்கடையில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற பத்திரிகை தங்களுடையது. அதில் அது வரவில்லை.

மலையாளப் பத்திரிகைகளில் இவை யாவும் ஒழுங்காக வருகின்றன. 2017இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி இன்றைய பிள்ளைகள் மலையாளத்தையும் கட்டாயம் படிப்பதால் அடுத்த தலைமுறைக்கு இந்தச் சிரமம் குறையலாம். ஆனால் இன்று பி.டி.ஏ. கூட்டத்தில் வந்து உட்காரும் தாய்மாரில் பலர் மலையாளத்தைத் தடையின்றிப் பேசுவார்களே தவிர வாசிக்க மாட்டார்கள். ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாக அனுப்பும் நல்ல முயற்சியும் நடக்கிறது. மாலைக்குள் அது காலை வணக்கப் படங்களுக்கும் கோயில் திருவிழா நோட்டீசுகளுக்கும் அடியில் போய்விடுகிறது. சுற்றறிக்கைகளைத் தமிழிலும் தர வேண்டியது அரசின் கடமை என்பதில் ஐயமில்லை. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதவும் அம்மொழியிலேயே பதில் பெறவும் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யுமாறு அரசியலமைப்பின் 350அ பிரிவு மாநிலங்களுக்குச் சொல்கிறது. அவற்றை வலியுறுத்துவது எங்கள் அமைப்புகளின் வேலை, அது நீண்ட வேலை. தங்கள் பத்திரிகையில் அரைப் பத்தி ஒதுக்குவதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். எல்லையோரம் என்றால் தங்கள் பக்கங்களில் வருபவை ரேஷன் அரிசிக் கடத்தல், எரிசாராயம், சோதனைச்சாவடி, கொட்டப்பட்ட மருத்துவக் கழிவு ஆகியவையே. அவை பொய்ச் செய்திகள் அல்ல. ஆனால் இதே ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளின் கலைவிழாவான உபமாவட்டக் கலோற்சவம் நடக்கிறது. அதில் தமிழ்ச் செய்யுள் ஒப்பித்தலுக்கும் தமிழ்ப் பேச்சுக்கும் போட்டி உண்டு, எங்கள் பிள்ளைகள் பரிசு வாங்கி வருகிறார்கள். 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த மாநிலக் கலோற்சவத்தில் பழங்குடி ஆட்டங்கள் ஐந்து முதன்முறையாகப் போட்டியில் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று எங்கள் மாவட்டத்து அட்டப்பாடியில் வாழும் இருளரின் ஆட்டம், மற்றொன்று பளியரின் ஆட்டம். இரண்டின் பாட்டும் தமிழ்க் காதுக்கு அந்நியமானவை அல்ல. இது தமிழ்ப் பத்திரிகைக்கு உரிய செய்தி இல்லையென்றால் வேறு எது என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆகவே கோவைப் பதிப்பின் எல்லையோரப் பக்கத்தில் வாரம் ஒரு முறையேனும் கேரளத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கென்று சிறு பகுதி ஒன்று ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பள்ளி திறக்கும் நாள், ஆறாவது வேலை நாள், நான்காம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் உள்ள உதவித்தொகைத் தேர்வுகளின் தேதி, அலாட்மென்ட் அட்டவணை, பாலக்காடு ஆட்சியரின் விடுமுறை அறிவிப்பு ஆகியவை இருந்தால் போதும். இடம் மிஞ்சினால் ஆண்டுவிழாவும் கலோற்சவமும். செய்தி திரட்டுவதும் கடினமன்று. சித்தூர், கொல்லங்கோடு உபமாவட்ட அலுவலகங்களுக்கு வரும் சுற்றறிக்கைகள் இரகசியம் அல்ல. சித்தூர் அரசுக் கல்லூரியின் தமிழ்த் துறையில் படிக்கும் மாணவர்களிடம் சொன்னால் அவற்றை ஆர்வத்துடன் தமிழாக்கித் தருவார்கள் என்று நம்புகிறேன். இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு வட்டங்களின் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் இதே தேவை உண்டு. அவர்களுக்குத் தங்கள் தேனிப் பக்கம் உதவலாம்.

எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு மார்ச்சில் நடக்கிறது. அதற்கு முன்பே இப்பகுதி தொடங்கிவிட்டால் மே மாதத் தேர்வு முடிவும் அதையொட்டி வரும் ப்ளஸ் ஒன் விண்ணப்பத் தேதிகளும் இவ்வாண்டே பெற்றோர் கைக்கு வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமை இதழாக இருந்தால் மேலும் நல்லது. தோப்பு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்து நிதானமாகப் பத்திரிகை படிப்பது அன்றைக்குத்தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
எருத்தேம்பதி, பாலக்காடு மாவட்டம்.