மூணு காப்பி இருந்துச்சு, மூணும் ஒரே டிஸ்க்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

எங்கயாவது சர்வர் படுத்து ஆயிரக்கணக்கான பேரோட விவரம் காணாம போச்சுன்னா, மறுநாள் பேப்பர்ல "தொழில்நுட்பக் கோளாறு"ன்னு ரெண்டு வார்த்தையில முடிஞ்சிடுது. நான் பல வருஷமா டேட்டாபேஸ் அட்மின் (டிபிஏ) வேலை பாக்குறவன், அந்த ரெண்டு வார்த்தைய படிச்சாலே எரிச்சல் வருது, ஏன்னா டிஸ்க் சாகுறது ஒரு கோளாறே இல்ல சார், அது என்னைக்காவது ஒருநாள் சாகத்தான் போகுது, செத்த அன்னைக்கு இன்னொரு காப்பி எங்க இருந்துச்சுங்கறது தான் விஷயமே.

ஆரக்கிள்ங்கற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல கண்ட்ரோல் ஃபைல்னு ஒன்னு உண்டு. டேட்டாவோட அளவுக்கு முன்னாடி அது சுண்டக்காய். ஆனா எந்தெந்த டேட்டா ஃபைல் இருக்கு, எங்க இருக்கு, எதுவரைக்கும் எழுதி முடிச்சாச்சுன்னு கணக்கு வெச்சிருக்கிறது அதுதான். அது போயிட்டா டேட்டா பூரா பத்திரமா இருந்தாலும் டேட்டாபேஸ் மவுண்ட் ஆகாது, அதாவது தெறக்கவே முடியாது. அதனாலதான் அதுக்கு 8 காப்பி வரைக்கும் வெச்சுக்கலாம்னு ஆரக்கிளே வசதி குடுத்திருக்கு, எல்லா காப்பியிலயும் ஒரே நேரத்துல எழுதும்.

எங்ககிட்டயும் மூணு இருந்துச்சு. கண்ட்ரோல் 01, 02, 03ன்னு அழகா வரிசையா, ஒரே ஃபோல்டர்ல! பழைய வெர்ஷன்ல இன்ஸ்டால் பண்றப்ப நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்கிட்டே போனா அப்படித்தான் போட்டு குடுக்கும், யாரும் மாத்தல, நானும்தான். ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு போன், ஓடிப்போய் ஸ்டார்ட்அப் குடுத்தா ஓஆர்ஏ-00205ன்னு வந்து நிக்குது, கண்ட்ரோல் ஃபைல அடையாளம் கண்டுபிடிக்க முடியலன்னு. டேட்டாவும், மாற்றங்கள வரிசையா பதிஞ்சு வெக்கிற ரீடூ லாக்கும் வேற டிஸ்க்ல இருந்ததால தப்பிச்சோம், இல்லன்னா என் கதை வேற மாதிரி ஆயிருக்கும். கடைசியில கண்ட்ரோல் ஃபைல புதுசா உருவாக்க வேண்டியதாயிடுச்சு, அதுக்கு ஒவ்வொரு டேட்டா ஃபைல் பேரையும் கையால டைப் பண்ணி, ஒன்னு விட்டுப்போச்சோன்னு பயந்து பயந்து திரும்ப எண்ணி, ஓப்பன் ஆகுறப்ப விடிஞ்சிடுச்சு.

ரீடூ லாக் இன்னும் மோசம். கமிட் பண்ணின, அதாவது உறுதி பண்ணின, ஒவ்வொரு மாற்றமும் மொதல்ல அதுலதான் விழும். கண்ட்ரோல் ஃபைல்ல ஒரு காப்பி போனாலே டேட்டாபேஸ் படுத்துடும், அது ஒரு வகையில நல்லது, உடனே தெரிஞ்சிடும். ரீடூ அப்படி இல்ல, ஒரு குரூப்ல ரெண்டு மெம்பர், அதாவது ஒரே லாக்குக்கு ரெண்டு காப்பி, வெச்சு ஒன்னு செத்துப்போனா, அலர்ட் லாக்ங்கற குறிப்பு ஃபைல்ல ஒரு எரர் எழுதிட்டு மிச்சம் இருக்கற ஒன்ன வெச்சு பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். அந்த லாக்க யாரு படிக்கறா? ரெண்டு இருக்குன்னு நம்பி ஒத்த கால்ல மாசக்கணக்கா நிக்கலாம், அந்த ஒன்னும் போற அன்னைக்குதான் தெரியவரும்.

இன்னொரு குழப்பமும் இருக்கு, மெத்தப் படிச்சவங்களே பண்றது. காப்பி வேற, பேக்கப் வேற. பக்கத்து டிஸ்க்ல ஓடுற காப்பி டிஸ்க் சாவுக்குத்தான் மருந்து, யாராவது தப்பா டெலீட் பண்ணிட்டா அந்த டெலீட்டும் சேர்ந்து காப்பி ஆயிடும். 2017 ஜனவரி 31 அன்னைக்கு புரோகிராம் கோடு சேமிச்சு வெக்கிற கிட்லேப் இணையதளத்துல ஒரு இன்ஜினியர் ரெண்டாவது சர்வர்னு நெனச்சு மெயின் சர்வரோட டேட்டாபேஸ் ஃபோல்டர அழிச்சுட்டாரு, சுதாரிச்சு நிறுத்துறதுக்குள்ள சுமார் 300 ஜிபில 4.5 ஜிபிதான் மிச்சம். தினசரி பேக்கப் எடுக்கற புரோகிராம் வெர்ஷன் பொருந்தாம ஃபெயில் ஆயிட்டே இருந்திருக்கு, ஃபெயில்னு சொல்ற மெயிலும் வழியிலயே ரிஜெக்ட் ஆயிருக்கு. வேற ஒரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னாடி எதேச்சையா எடுத்த ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து டேட்டாவோட நகல், தான் காப்பாத்துச்சு. இதெல்லாம் அவங்களே மறைக்காம வெளிய சொன்னதுதான், அந்த நேர்மைக்கு ஒரு சலாம்.

2025 செப்டம்பர்ல தென்கொரியாவுல டேஜான் அரசு டேட்டா சென்டர் தீப்பிடிச்சப்ப அரசு ஊழியர்களோட ஜி-டிரைவ்ங்கற ஆன்லைன் சேமிப்புல இருந்த 858 டிபி எரிஞ்சு போச்சு, அளவு ரொம்ப பெருசுங்கறதால வெளிய பேக்கப் வெக்கலையாம். கண்ட்ரோல் ஃபைல் சில எம்பிதான், அதுக்கே நாங்க வேற இடம் பாக்கல, இதுல அவங்கள நான் என்னத்த சொல்ல.

அதனால உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவ யாராவது "தொழில்நுட்பக் கோளாறு"ன்னு அறிக்கை விட்டா அப்படியே அச்சுல ஏத்தாதீங்க. இன்னொரு காப்பி எந்த இடத்துல இருந்துச்சு, அத கடைசியா எப்ப ரீஸ்டோர் பண்ணி ஓட்டிப் பாத்தீங்கன்னு நிருபர விட்டு கேக்கச் சொல்லுங்க. ரெண்டாவது கேள்விக்கு நிறைய பேரு முழிப்பாங்க.

இப்படிக்கு,
ராத்திரி போன் அடிச்சா இன்னும் பதறுற ஒரு டிபிஏ

பி.கு: கண்ட்ரோல் ஃபைல ட்ரேஸா, அதாவது அத திரும்ப உருவாக்கற கமாண்ட் எழுதின ஃபைலா, எடுத்து வைக்க ஒரே ஒரு வரி கமாண்ட் போதும், அப்பறம் கையால டைப் பண்ற வேலையே இல்ல. நான் இப்ப தவறாம எடுக்கறேன். மொதல் மாசம் அந்த ட்ரேஸ் ஃபைலையும் அதே டிஸ்க்லதான் போட்டு வெச்சிருந்தேன்.