தாழ்ப்பாள் இல்லாத கதவுகள்: கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வித் துறை அலுவலர்களுக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம்.

எங்கள் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிக்காக நீங்கள் தயாரித்த மேம்பாட்டுத் திட்ட வரைவை முழுவதும் படித்தேன். அது உருவான விதம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆய்வுக்கு வந்தீர்கள், தலைமையாசிரியரிடம் பேசினீர்கள், பெற்றோர் சிலரை அழைத்துக் கருத்துக் கேட்டீர்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். மாணவிகளும் வந்தார்கள். வரவேற்புப் பாட்டுப் பாடி முடித்ததும் அவர்களை வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அவர்களுடைய பள்ளியைப் பற்றிப் பெரியவர்கள் பேசினோம்.

இந்த மடலை எழுத வைத்தது அதற்குப் பிறகு நடந்த ஒன்று. பள்ளியின் ஆலோசனைப் பெட்டியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பெயர் குறிப்பிடாமல் ஒரு தாளைப் போட்டிருக்கிறாள். மாணவியர் கழிவறைக் கதவுகளில் தாழ்ப்பாள் இல்லை, சரிசெய்து தாருங்கள் என்பதுதான் அதில் இருந்தது. பெட்டியைத் திறந்தவர்கள் கழிவறைப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. கையெழுத்தை வைத்து எழுதியவளைக் கண்டுபிடித்தார்கள். "உன்னை யார் எழுதச் சொன்னது?" என்று வகுப்பின் முன்னால் நிறுத்திக் கேட்டார்கள். பெட்டி இன்னும் அதே சுவரில்தான் தொங்குகிறது. இனி அதில் எந்தப் பிள்ளை எதைப் போடும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

உங்கள் வரைவில் மாணவியர் கழிவறைகள் போதுமான எண்ணிக்கையில் உள்ளதாக எழுதியிருக்கிறது. எண்ணிக்கையில் குறையில்லை. ஆனால் உள்தாழ்ப்பாள் வேலை செய்யாததால் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வகுப்பு நேரத்தில் ஒரு சமயத்தில் ஒருவரைத்தான் வெளியே அனுப்புவது என்பது பள்ளியின் விதி. ஒழுங்குக்காகப் போட்ட விதி, அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் இவை இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: வகுப்பு நேரத்தில் எந்தப் பெண்ணும் கழிவறைக்குப் போக முடியாது. இடைவேளையிலோ எல்லோரும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கிறார்கள், பாதிப் பேருக்கு முறை வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது.

ஆகவே பிள்ளைகள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வருகிறது. மதியத்துக்கு மேல் தலைவலி. தண்ணீரைக் குறைப்பதும் சிறுநீரை அடக்குவதும் சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கும் மலச்சிக்கலுக்கும் வழிவகுக்கும் என்பதை எந்த மருத்துவரும் சொல்வார். மாதவிடாய் நாள்களில் பலர் பள்ளிக்கே வருவதில்லை. வருகைப் பதிவேட்டில் அது வெறும் விடுப்பாகப் பதிவாகிறது. மதிய வகுப்பில் தலையைச் சாய்க்கும் பெண்ணுக்குக் கவனம் போதவில்லை என்று மதிப்பெண் அட்டையில் எழுதுகிறார்கள். இப்படி ஒவ்வொரு பதிவேட்டிலும் குற்றம் பிள்ளையின் கணக்கில் ஏறுகிறது.

திட்டத்தில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, சுற்றுச்சுவருக்கு வண்ணம் பூசுவது இருக்கிறது, புதிய நுழைவாயில்கூட இருக்கிறது. தாழ்ப்பாளைக் காணவில்லை. நீங்கள் வேண்டுமென்றே விட்டுவிட்டதாக நான் நினைக்கவில்லை. உங்கள் படிவம் கழிவறை எத்தனை என்று கேட்டது, அதற்குள் போக முடிகிறதா என்று கேட்கவில்லை. அதைச் சொல்லக்கூடியவர்களோ பாட்டுப் பாடிவிட்டு வகுப்புக்குப் போயிருந்தார்கள்.

எனவே என் கோரிக்கை இதுதான். பள்ளியைப் பற்றி முடிவெடுக்கும் முன் மாணவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொன்னதற்கு எழுத்தில் பதில் கொடுங்கள்.

இது புதுமையான கோரிக்கை அல்ல என்பது உங்களுக்கும் தெரியும். 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்கு வழங்குகிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு உரிய மதிப்பு அளிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பிரிவை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. குழு 2009இல் விளக்கம் வெளியிட்டது. கருத்துச் சொல்லக் குறைந்தபட்ச வயது என்று எதையும் நிர்ணயிக்க வேண்டாம் என்று அரசுகளுக்கு அது அறிவுறுத்துகிறது. கருத்துச் சொன்னதற்காகக் குழந்தைக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. சொன்ன கருத்து எப்படிப் பயன்பட்டது என்பதைக் குழந்தைக்குத் திரும்பத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எங்கள் பள்ளியின் ஆலோசனைப் பெட்டி கடைசி இரண்டிலுமே தவறிவிட்டது.

ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் யுனிசெஃப் வெளியீடு ஒன்றில் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். கீழே உள்ள மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த மூன்றில் ஒன்று, பிள்ளைகளை அலங்காரத்துக்காகக் கொண்டுவந்து நிறுத்துவது. வரவேற்புப் பாட்டு அந்தப் படியில்தான் நிற்கிறது.

சட்டத்தின் வழியாகவே இதைச் செய்த இடமும் உண்டு. வேல்ஸ் நாட்டில் 2005ஆம் ஆண்டு விதிமுறைகள், அரசு நிதியில் இயங்கும் தொடக்கப் பள்ளிகளிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் மாணவர் மன்றத்தைக் கட்டாயமாக்கின. கல்வியாண்டில் குறைந்தது ஆறு முறையாவது மன்றம் கூட வேண்டும். அது முன்வைக்கும் விஷயங்களைப் பள்ளி நிர்வாகக் குழுவும் தலைமையாசிரியரும் பரிசீலித்துப் பதில் தர வேண்டும். நான் கேட்பது அந்தப் பதிலைத்தான்.

பிள்ளைகளைக் கேட்டால் வீட்டுப்பாடம் வேண்டாம், தேர்வு வேண்டாம் என்பார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார், பலரும் சிரித்தார்கள். சொல்லட்டுமே. ஏன் வேண்டாம் என்று அடுத்த கேள்வி கேட்டால், ஒரே நாளில் நான்கு பாடங்களுக்கு ஒப்படைப்பு கொடுக்கிறார்கள், ஆசிரியர்கள் ஒருவரையொருவர் கலந்து பேசுவதில்லை என்ற செய்தி வெளியே வரலாம். கேட்பதாலேயே எல்லாவற்றையும் நிறைவேற்றியாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முடியாது என்பதைக் காரணத்தோடு எழுதிக் கொடுத்தால் அதையும் பதிலாக ஏற்றுக்கொள்ளும் பக்குவம் பிள்ளைகளுக்கு உண்டு. வருடக்கணக்கில் மௌனத்தை ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள்.

ஆசிரியர்களின் மதிப்பு குறைந்துவிடும் என்ற அச்சத்தையும் கேட்டேன். அந்தத் தாழ்ப்பாளுக்காக ஆசிரியை ஒருவரும் எழுதிக் கொடுத்திருந்தார் என்பதைப் பிறகு அறிந்தேன். அவருக்கும் பதில் வரவில்லை. மேலிருந்து சுற்றறிக்கை வருகிறது, கீழிருந்து படிவம் போகிறது. படிவத்தில் இல்லாத எதையும் மேலே அனுப்ப வழி இல்லை. புள்ளிவிவரம் பதிவேற்றுவதில் பாதி வேலை நேரத்தை இழக்கும் ஆசிரியர்களை, மாணவர் பேச்சைக் கேட்க நேரமில்லாதவர்கள் என்று குறை சொல்வது நியாயமாகாது. இந்த ஏற்பாட்டை உருவாக்கியவர்கள் நீங்கள். அதை மாற்றும் அதிகாரமும் உங்களிடமே இருக்கிறது.

வசதி உள்ள குடும்பம் பள்ளி பிடிக்கவில்லை என்றால் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்துவிடுகிறது. பிள்ளை போய்விடும் என்ற பயமே அந்தப் பள்ளிகளைச் செவிசாய்க்க வைக்கிறது. அரசுப் பள்ளியை நம்பியிருக்கும் பெரும்பாலான குடும்பங்களுக்கு அப்படிப் போக இடமில்லை. வேலையை விட்டுவிட்டு அலுவலகப் படி ஏறவும் அவர்களால் இயலாது. இந்தப் பிள்ளைகளிடம் இருப்பது தங்கள் சொல் மட்டும்தான். அதைச் சொன்னதற்காக ஒரு சிறுமியை வகுப்பின் முன்னால் நிறுத்தியதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன். தாழ்மையோடு கேட்க வேண்டியவற்றையும் கேட்டுவிடுகிறேன்.

திட்டத்துக்கு இறுதி ஒப்புதல் தரும் முன் ஒவ்வொரு வகுப்பிலும் மாணவர்களைச் சந்தியுங்கள். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கும் பிள்ளைகளை மட்டும் முன்னால் உட்கார வைக்க வேண்டாம். கடைசி வரிசையில் இருப்பவர்களையும், சக்கர நாற்காலியில் வரும் மாணவனையும், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளையும் கேளுங்கள். முடிந்தால் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டவர்களை வீட்டுக்கே போய்க் கேளுங்கள். ஏன் நின்றார்கள் என்பது எந்தப் படிவத்திலும் இல்லை. எழுதத் தயங்குபவர்கள் வாயால் சொல்லட்டும், பேசத் தயங்குபவர்கள் வரைந்து காட்டட்டும். ஆலோசனைப் பெட்டியைப் பள்ளிக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து திறக்கட்டும். என்ன கேட்டார்கள், எது ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்பதை ஒரு மாதத்துக்குள் அறிவிப்புப் பலகையில் பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில் ஒட்டுங்கள்.

அந்த மாணவியிடம் இனி யாரும் விசாரணை நடத்தக் கூடாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். அவள் கேட்டதற்கு முதல் பதிலைக் கொடுங்கள். தாழ்ப்பாள் பொருத்துவதற்குத் திட்ட ஒப்புதல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இந்த வாரமே செய்யலாம்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். அதன் முதல் பிரதி அவளுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி மாணவி ஒருத்தியின் தாய்