திடல் கதவின் பூட்டை எடுங்கள்

மதிப்பிற்குரிய திடல் நிர்வாகக் குழுவினருக்கும் ஆலய நிர்வாகத்தாருக்கும்,

வணக்கம். மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் உடற்கல்வி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். போன மாதம் நம் திடலுக்குப் பூட்டுப் போட்டீர்கள். ரோஹிங்யா அகதிப் பையன்கள் சாயங்காலம் வந்து கூட்டம் போடுகிறார்கள் என்று காரணம் சொன்னீர்கள். அந்தப் பூட்டை எடுக்கச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல்.

ஆறு மாதமாக அவர்களோடு திடலைச் சுற்றி வந்திருக்கிறேன். சிலர் 2017 ஆகஸ்ட்டில் மியன்மாரின் ராக்கைன் மாநிலத்துக் கிராமங்கள் எரிந்தபோது தப்பியவர்கள். அடுத்த சில மாதங்களுக்குள் 7 லட்சம் பேருக்கு மேல் வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். வேறு சிலர் அதற்கு முன்பே படகேறி, தாய்லாந்து எல்லைக் காட்டில் ஆள்கடத்தல்காரர்களிடம் அடைபட்டுக் கிடந்தவர்கள். 2015 மே மாதம் நம் எல்லைப் பக்கம், பெர்லிஸ் மாநிலத்து வாங் கெலியான் காட்டில், ஆள்கடத்தல் முகாம்களில் 139 புதைகுழிகள் கண்டெடுக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி முகாமிலிருந்து உயிரோடு வந்தவன்தான் நம் ஊரில் புல் வெட்டுகிறான்.

இவர்களுக்கு இரவில் தூக்கம் பிடிப்பதில்லை. பிடித்தாலும் கெட்ட கனவு. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்பு தூக்கிப்போடும். ஆபத்து முடிந்து வருஷங்கள் ஆகியும் உடம்பு அதை நம்பாமல் காவலுக்கு நிற்கிறது. மருத்துவரிடம் போக வேண்டியதுதான். ஆனால் அவர்கள் மொழி பேசும் ஆள் கிடைக்க வேண்டும். ஐ.நா. அகதிகள் நிறுவனம் தரும் யுஎன் கார்டு இருந்தால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி; அந்தப் பாதியே நாள்கூலிக்காரனுக்குக் கனம்.

ஓடுவதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். பயந்தவனுக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், வியர்க்கும். ஓடினவனுக்கும் அதேதான். மெதுவாகத் தொடங்கி, ஓடி, நின்று, படபடப்பு தானாக அடங்குவதைத் தினமும் பார்க்கிறவனுக்கு, நெஞ்சு வேகமாக அடித்தாலே சாவு வருகிறது என்ற பயம் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. களைத்த உடம்பு தூங்கவும் செய்கிறது. உடற்பயிற்சி இந்த மாதிரி அதிர்ச்சியின் தொல்லைகளையும் மனச்சோர்வையும் குறைக்க உதவுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சிகிச்சைக்குப் பதில் இது என்று நான் சொல்லவில்லை, பக்கத்துணை என்கிறேன். பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சாயங்காலம் அரை மணி நேரம், ஐந்து நாள். சரியாக வந்துவிடும். பிள்ளைகளுக்குத் தினம் 60 நிமிடம். அரசுப் பள்ளியில் சேர முடியாத அந்தப் பிள்ளைகளுக்கு உடற்கல்வி நேரமே கிடையாது. எனக்கு அதை நினைத்தால் தாங்கவில்லை.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே நான் வீட்டில் பார்த்திருக்கிறேன். என் தாத்தா சயாமுக்குப் போய்த் திரும்பியவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் நம் தோட்டத்து ஆட்களை ஆயிரம் ஆயிரமாக ரயிலேற்றிக் கொண்டுபோய், அன்று சயாம் என்ற தாய்லாந்திலிருந்து, இன்று மியன்மார் என்கிற பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போடவைத்த கதை உங்கள் வீடுகளிலும் இருக்கும். தாத்தா அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடுவதற்கு, முன்னால் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார், பனியன் நனையும் வரை. "நடந்தாத்தான் அவருக்கு மூச்சு வரும், விடுய்யா" என்பார் பாட்டி. அடைமழையில் நடக்க முடியாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது. யார் பேசினாலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். தனக்கு என்ன நோய் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. நடந்தே தன்னைக் காப்பாற்றிக்கொண்டார். அந்தத் தண்டவாளம் போய்ச் சேர்ந்த நாட்டிலிருந்துதான் இந்தப் பையன்கள் வந்திருக்கிறார்கள்.

நானும் தவறு செய்தேன். முதல் வாரம், பழக்கத்தில் விசில் ஊதிவிட்டேன். ஒரு பையன் குப்புற விழுந்து தலையைக் கையால் மூடிக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்து, அவன் எழும் வரை காத்திருந்தேன். அன்றோடு விசில் போயிற்று. இப்போது கைதட்டுவதுகூட இல்லை. கையைத் தூக்கிக் காட்டுகிறேன். யாரையும் வற்புறுத்துவதில்லை. வேலியோரம் உட்கார்ந்து பார்க்கிறவன் பார்க்கட்டும். அடிபட்ட காலும் முட்டியும் உள்ளவர்களை ஓடவைத்தால் வலி கூடும். அவர்களுக்கு என்ன செய்யலாம் என்று செமிலிங் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படிக்கும் பிள்ளைகளைக் கேட்கலாம் என்றிருக்கிறேன். அப்புறம், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடவே கூடாது. அவர்களுக்கு அது ஆபத்து.

"நம் பிள்ளைகளுக்கே இடம் பத்தவில்லை" என்றார் குழுவில் ஒருவர். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு, ரப்பர் பால்மரம் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, லயமும் போய், நமக்கென்று மிஞ்சியது கோயிலும் திடலும்தான். அதனால்தான் சேர்ந்து விளையாடச் சொல்கிறேன். அவர்கள் ஊரில் சின்லோன் என்று பிரம்புப் பந்தைக் காலால் தட்டி விளையாடுவார்கள். நம் பையன்களும் அதேபோல் காலால் தட்டும் தக்ரோ ஆடுகிறார்கள். பூட்டுவதற்கு முந்தின வாரம் இரண்டு கூட்டமும் ஒரே பந்தைத் தட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

1951 அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. சட்டப்படி வேலை செய்யவும் அவர்களுக்கு வழியில்லை. அதையெல்லாம் மாற்றும் அதிகாரம் உங்களுக்கு இல்லை, எனக்கும் இல்லை. திடல் சாவி உங்களிடம் இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்தரையிலிருந்து ஆறே முக்கால் வரை கேட்கிறேன். கோயில் மாலைப் பூசைக்கும் அவர்கள் மஃரிப் தொழுகைக்கும் முன்னால் முடிந்துவிடும். பெண்களுக்குத் தனியாக ஒரு காலை நேரம் வேண்டும். ஆலயத்து மகளிர் துணை இருந்தால் அவர்கள் வீட்டை விட்டு வருவார்கள். ரோந்து போலீஸ் வந்தால் நம்மில் ஒருவர் முன்னே நின்று பேச வேண்டும். நான் நிற்கிறேன். குப்பை பொறுக்கிக் கதவைப் பூட்டுவதும் என் பொறுப்பு.

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். அதுவரை நாங்கள் வேலிக்கு வெளியே, சாலையோரமாகத்தான் நடப்போம். செம்பனை லாரிகள் போகிற சாலை அது. கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்
பீடோங், கெடா